பார்படோஸ் பயணச் செலவைக் குறைக்க: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

டொராண்டோவிலிருந்து கரீபியன் தீவான பார்படோஸுக்கு நேரடி விமானத்தில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். நான் மூன்று முறை போய் வந்தேன். அதில் இரண்டு முறை வேறு குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு போனேன். பணம் எங்கே கைநழுவுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. தீவில் இறங்கிய பிறகு சிக்கனம் பிடிப்பவர்கள் பலர். ஆனால் பெரிய தொகை அதற்கு முன்பே, தப்பான வரிசையில் முன்பதிவு செய்ததில் போய்விடுகிறது. மலிவாக டிக்கெட் கிடைத்ததென்று முதலில் அதை வாங்குவார்கள். பிறகு அந்தத் தேதிக்குக் கிடைத்த அறையை எடுப்பார்கள். அந்த அறை பஸ் போகாத இடத்தில் இருக்கும். அப்புறம் தினமும் டாக்சிதான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் நீச்சல் குளத்தோரம் படுத்திருக்க வேண்டும், சாப்பாடு தட்டில் வந்துவிட வேண்டும் என்றால் பார்படோஸ் வேண்டாம். டொமினிகன் குடியரசின் புன்டா கானாவுக்கு எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் எடுங்கள், அதுதான் மலிவு. தெருவில் இறங்கி நடப்பவர்களுக்கும், பஸ் ஏறுபவர்களுக்கும், ஒரு வேளையாவது தாங்களே சமைப்பவர்களுக்கும்தான் இந்த வழிகாட்டி.

1. முதலில் எல்லாருடைய கடவுச்சீட்டையும் மேசையில் வையுங்கள்

விலை பார்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. இந்தியக் கடவுச்சீட்டில் சுற்றுலா போகிறவர்களிடம் பார்படோஸ் விசா கேட்பதில்லை. மாட்டிக்கொள்வது வழியில்தான். இணையத்தில் மேலே வந்து நிற்கும் மலிவு டிக்கெட்டுகளில் பாதி மயாமி அல்லது நியூயார்க் வழியாகப் போகும். அமெரிக்காவில் விமானம் மட்டும் மாறுவதாக இருந்தாலும் இந்தியக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும்.

நண்பர் ஒருவர், ஊரிலிருந்து வந்திருந்த தன் அம்மாவுக்கு இப்படி மயாமி வழி டிக்கெட் வாங்கிவிட்டார். பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட். அம்மாவிடம் அமெரிக்க விசா இல்லை. கடைசியில் நேரடி விமானத்தில் புது டிக்கெட் வாங்கினார், அதுவும் கடைசி நேர விலையில். இரண்டு டிக்கெட்டின் விலையில் ஒருவர் போய் வந்தார்.

கனடாவுக்கு வந்திருக்கும் பெற்றோரைக் கூட்டிப் போவதானால், அவர்களுடைய கனடிய விசா திரும்பி வரும் நாளிலும் செல்லுமா என்று பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்தே கிளம்புகிறவர்களுக்கு லண்டன் வழி வசதியானது. ஆனால் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறும் டிக்கெட் என்றால் குடிவரவைத் தாண்டி வெளியே வர வேண்டும், அதற்கான விசா கேட்பார்கள். ஒரே விமான நிலையத்தில் மாறும் டிக்கெட்டாகப் பாருங்கள். அதற்கும் பிரிட்டனின் இடைநிற்பு விசா தேவையா என்று உறுதி செய்த பிறகே பணம் கட்டுங்கள்.

‘பக்கத்தில்தானே இருக்கிறது, டிரினிடாடையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்’ என்று ஆசை வரும். வரட்டும். ஆனால் மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ளதாக இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் டிரினிடாட் இருக்கிறது. அங்கே போய்விட்டு நேராக இந்தியா திரும்பினால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லாவிட்டால் தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பார்படோஸ் மட்டும் போவதற்கு இது தேவையில்லை.

2. மாதத்தைத் தீர்மானியுங்கள்

டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை விலை உச்சத்தில் இருக்கும். வட அமெரிக்காவும் ஐரோப்பாவும் குளிரிலிருந்து தப்பித்து ஓடிவரும் காலம் அது. ஈஸ்டர் முடிந்ததும் விலை இறங்கும். ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை, கரும்பு அறுவடை முடிவைக் கொண்டாடும் கிராப் ஓவர் திருவிழாவின் கடைசி நாள். அதையொட்டிய இரண்டு வாரங்கள் மறுபடி ஏறும். கென்சிங்டன் ஓவல் மைதானத்தில் பெரிய கிரிக்கெட் ஆட்டம் இருந்தாலும் அப்படித்தான். ஆகவே தேதி குறிக்கும் முன் ஆட்ட அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். ஆட்டம் பார்க்கவே போகிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு.

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை அது மும்முரமாக இருக்கும். பார்படோஸ் மற்ற தீவுகளைவிடக் கிழக்கே தள்ளி நிற்பதால் நேரடி அடி குறைவுதான், ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 2024 ஜூன் 29 அன்று தலைநகர் பிரிட்ஜ்டவுனில் டி20 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணி, பெரில் புயலால் விமான நிலையம் மூடப்பட்டு ஹோட்டலிலேயே அடைந்து கிடந்தது நினைவிருக்கும். அவர்களுக்குத் தனி விமானம் வந்தது. நமக்கு வராது. புயல் மாதத்தில் போவதானால் பயணக் காப்பீட்டை டிக்கெட் வாங்கும் அன்றே எடுத்துவிடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கும் காப்பீடு அந்தப் புயலுக்கு உதவாது.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2011 முதல் சர்காஸம் என்ற கடற்பாசி பல ஆண்டுகளில் குவியல் குவியலாக வந்து ஒதுங்குகிறது. வசந்த காலத்திலும் கோடையிலும் அதிகம். கிழக்குக் கரையிலும் தென்கிழக்கிலும் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மேற்குக் கரை பெரும்பாலும் தப்பித்துவிடும்.

என்னைக் கேட்டால் மே மாதம், இல்லையென்றால் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் பத்து நாட்கள். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் இது நடக்காது என்று எனக்கும் தெரியும். அப்படியானால் ஜூலை முதல் பாதி.

3. பஸ் தடத்தைப் பார்த்து அறை தேடுங்கள்

மொத்தச் செலவையும் முடிவு செய்வது இந்த ஒரு படிதான். ஆகவே இதற்கு ஒரு மாலை முழுக்க ஒதுக்குங்கள்.

தீவின் மேற்குக் கரை பணக்காரர்களின் கரை. ஹோல்டவுன் பக்கத்து அறை விலையைப் பார்த்துவிட்டு, ‘இந்தத் தீவு நமக்கு ஆகாது’ என்று மூடி வைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் தெற்குக் கரையைப் பார்க்கவே இல்லை. வொர்திங், டோவர், மேக்ஸ்வெல், ஓய்ஸ்டின்ஸ் ஆகிய ஊர்களில் சமையலறையோடு கூடிய சின்னச் சின்ன அபார்ட்மென்ட்டுகளும் விருந்தினர் இல்லங்களும் வரிசையாக இருக்கின்றன. கடலோரச் சாலையில் நாள் முழுக்க பஸ்ஸும் வேனும் ஓடிக்கொண்டே இருக்கும். மேற்குக் கரையின் கடலும் பொதுக் கடல்தான். காலையில் பஸ் ஏறிப் போய்க் குளித்துவிட்டுச் சாயங்காலம் திரும்பலாம்.

அறையை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். கடலோரப் பெருஞ்சாலைக்கு ஐந்து நிமிட நடையில் இருக்க வேண்டும். ‘கடற்கரைக்கு ஐந்து நிமிடம்’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பது பல நேரம் காரில் ஐந்து நிமிடம். உள்ளே மேட்டு நிலத்தில் இருக்கும் வீடு பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் அங்கே பஸ் எப்போதாவதுதான் வரும், மிச்சம் பிடித்ததை டாக்சிக்காரர் வாங்கிக்கொள்வார்.

பணம் கட்டும் முன் வீட்டுக்காரரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். வாட் வரி, சேவைக் கட்டணம், இரவுக்கு இவ்வளவு என்று போடும் அறை வரி எல்லாம் சேர்ந்த தொகை எவ்வளவு? ஏசிக்குத் தனிக் காசு உண்டா? (அங்கே மின்சாரம் விலை அதிகம், சில இடங்களில் தனியாக வாங்குகிறார்கள்.) அடுப்பு உண்மையான அடுப்பா, மைக்ரோவேவ் மட்டுமா? துணி துவைக்க வசதி உண்டா? பதில் எழுத்தில் இருக்கட்டும்.

பணம் திரும்பக் கிடைக்கும் விதத்தில் அறையை எடுத்து வையுங்கள். டிக்கெட் இன்னும் வாங்கவில்லை அல்லவா.

4. இப்போது டிக்கெட்

அறை கையில் இருப்பதால் தேதியை இரண்டு நாள் இப்படி அப்படித் தள்ளிப் பார்க்கலாம். வாரக் கடைசியைவிடச் செவ்வாய், புதனில் பெரும்பாலும் குறையும். அடிமட்ட விலை டிக்கெட்டில் பெட்டிக்குத் தனிக் காசு. நான்கு பேருக்கும் பெட்டி சேர்த்தால் அடுத்த வகை டிக்கெட்டே மலிவாக வரலாம், கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பார்படோஸை விட்டுக் கிளம்பும்போது கட்ட வேண்டிய கட்டணங்கள் டிக்கெட்டிலேயே சேர்ந்திருக்கும். விமான நிலையத்தில் தனியாக யாரும் கேட்க மாட்டார்கள்.

கிளம்புவதற்கு முன் குடிவரவுப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் காசு கிடையாது. காசு கேட்டால் வேறு யாரோ நடத்தும் தளத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அரசுத் தளத்தின் முகவரி ‘ஜிஓவி டாட் பிபி’ என்று முடியும். திரும்பும் டிக்கெட்டையும் தங்கும் முகவரியையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

5. பெட்டியில் என்ன போவது

தீவில் விற்பதில் பெரும்பகுதி கப்பலில் வந்து இறங்குவது. ஆகவே சன்ஸ்கிரீன், கொசு மருந்து, பிள்ளைகளின் நீச்சல் உடை எல்லாம் அங்கே யானை விலை. இங்கிருந்தே கொண்டு போங்கள். நீருக்கடியில் பார்க்கும் முகமூடியும் குழாயும் ஆளுக்கு ஒன்று. வாடகைக்கு எடுத்தால் இரண்டு மூன்று நாளில் புதிதாக வாங்கும் விலை வந்துவிடும். மசாலாப் பொடி, ரசப்பொடி, கொஞ்சம் பருப்பு, எல்லாம் கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட்டுகளாக இருக்கட்டும். கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கறிவேப்பிலை, பழம், காய், விதை, இறைச்சி வேண்டாம்.

ராணுவ உடை மாதிரித் திட்டுத் திட்டாக வடிவம் போட்ட துணி எந்த நிறத்திலும் கூடாது. அங்கே அது சட்டப்படி குற்றம், குழந்தையின் தொப்பியாக இருந்தாலும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மின்சார ரைஸ் குக்கரை விட்டுவிட்டுச் சின்ன பிரஷர் குக்கரைக் கொண்டு போகலாம். அங்கே மின்சாரம் 115 வோல்ட்.

6. எந்த டாலர் என்று கேளுங்கள்

புதிதாக வருகிறவர்கள் தினம் தினம் ஏமாறும் இடம் இது. யாரும் ஏமாற்றுவதில்லை, தாமாகவே ஏமாறுகிறார்கள். பார்படோஸுக்குச் சொந்த டாலர் இருக்கிறது. 1975-இலிருந்து ஓர் அமெரிக்க டாலருக்கு இரண்டு பார்படோஸ் டாலர் என்று மதிப்பைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அமெரிக்க டாலரும் எல்லா இடத்திலும் செல்லும். டாக்சிக்காரர் ‘நாற்பது டாலர்’ என்றால் எந்த நாற்பது? கேட்காமல் ஏறினால் இறங்கும்போது இரட்டிப்பாகலாம். ‘பேஜன் டாலரா?’ என்று கேட்டால் போதும். உள்ளூர்க்காரர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் பேஜன்.

கனடிய டாலரை அமெரிக்க டாலராக மாற்றி, அதை அங்கே கொடுப்பது இரண்டு முறை நஷ்டம். அங்குள்ள ஏடிஎம்மில் ஒரே தடவையாகக் கொஞ்சம் பெரிய தொகை எடுங்கள், ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் உண்டு. இயந்திரமோ கடைக்காரரோ ‘உங்கள் ஊர்ப் பணத்தில் கணக்கிடட்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் போடும் மாற்று விகிதம் உங்கள் வங்கியின் விகிதத்தைவிட மோசமாகத்தான் இருக்கும்.

7. விமான நிலையத்திலிருந்து அறைக்கு

வாசலுக்கு வெளியே பெருஞ்சாலையில் பஸ் நிறுத்தம் இருக்கிறது. தெற்குக் கரையில் தங்குகிறவர்கள், பெட்டி சின்னதாக இருந்தால், பஸ்ஸிலேயே போய்விடலாம். நான்கு பேர், நான்கு பெரிய பெட்டி, தூங்கிவிழும் குழந்தை என்றால் டாக்சி எடுங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம். டாக்சியில் மீட்டர் கிடையாது, இடத்துக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த கட்டணம்தான். அதைக் கேட்டு, எந்த டாலர் என்றும் கேட்டுவிட்டு ஏறுங்கள். தெற்கில் அறை எடுத்ததன் முதல் லாபம் இங்கேயே தெரியும். மேற்குக் கரைக்குப் போவதைவிடத் தூரம் ரொம்பக் குறைவு.

8. பஸ்

எவ்வளவு தூரம் போனாலும் 3.50 பார்படோஸ் டாலர். நான்கு பேருக்குப் பதினான்கு, அதாவது ஏழு அமெரிக்க டாலர். தீவின் அந்தக் கோடி வரை அதே கட்டணம்.

மூன்று வகை உண்டு. நீல நிறத்தில் மஞ்சள் கோடு போட்டது அரசு பஸ். இதில் சில்லறை தர மாட்டார்கள். இரண்டு டாலர் தாள், ஒரு டாலர் நாணயம், இரண்டு கால் டாலர் நாணயம் என்று முதல் நாளே சேர்க்க ஆரம்பியுங்கள். மஞ்சள் நிறத்தது தனியார் மினி பஸ், சில்லறை கிடைக்கும், பாட்டும் கிடைக்கும். வெள்ளையில் அரக்குக் கோடு போட்ட வேனை நம்பர் பலகையின் எழுத்தை வைத்து ‘ஸெட்-ஆர்’ என்பார்கள். நம் ஊர் ஷேர் ஆட்டோவின் அண்ணன். ‘இனி இடம் இல்லை’ என்று நீங்கள் நினைத்த பிறகும் மூன்று பேர் ஏறுவார்கள். தெற்குக் கரைக்கு 11-ஆம் எண் வேன்.

நிறுத்தத்தில் சும்மா நின்றால் வண்டி போய்விடும், கையை நீட்ட வேண்டும். பலகையில் ‘டு சிட்டி’ என்றிருந்தால் பிரிட்ஜ்டவுன் பக்கம், ‘அவுட் ஆஃப் சிட்டி’ என்றிருந்தால் எதிர்ப்பக்கம். ஏறியதும் ஒரு குட் மார்னிங் சொல்லுங்கள். கடையிலும் அப்படித்தான். வணக்கம் சொல்லாமல் நேராக விலை கேட்பதை அங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள். சொன்னவர்களுக்கு வழியும் சொல்வார்கள், இறங்கும் இடத்தில் குரலும் கொடுப்பார்கள்.

9. சாப்பாடு

காலையும் இரவும் அறையில், மதியம் வெளியே. நான் கடைப்பிடிப்பது இந்த முறைதான். மதியச் சாப்பாடு உள்ளூர்க்காரர்கள் வேலைக்கு நடுவில் சாப்பிடுவது, தட்டு நிறைய வரும், விலை குறைவு. அதே கரையில் இரவு உணவகங்கள் சுற்றுலாக்காரர்களுக்கானவை.

சூப்பர் மார்க்கெட்டில் கால் வைத்ததும் மனம் பழகிய பொருளைத்தான் தேடும். இறக்குமதியான ஆப்பிள், திராட்சை, சீரியல், சீஸ். பில்லைப் பார்த்தால் தலை சுற்றும். உள்ளூரில் விளைவதை வாங்குங்கள். சர்க்கரைவள்ளி, மரவள்ளி, பூசணி, வெண்டை, வாழை, ஈரப்பலா எல்லாம் நமக்குத் தெரியாதவையா? காய்க்கு பிரிட்ஜ்டவுனின் சீப்சைட் சந்தை நல்லது, சனிக்கிழமை காலையில் போங்கள். சோற்றோடு சேர்த்து அவர்கள் வேகவைக்கும் ‘பிஜன் பீஸ்’ வேறொன்றுமில்லை, நம் துவரைதான். பச்சையாகக் கிடைத்தால் வாங்கி ஒரு குழம்பு வையுங்கள்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். சுண்ணாம்புப் பாறையில் வடிகட்டி நிலத்தடியில் சேரும் நீர் அது. பாட்டில் தண்ணீர் வாங்குவது வீண். ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டு போய் நிரப்பிக்கொள்ளுங்கள்.

வெளியே சாப்பிடும்போது ‘கட்டர்’ கேளுங்கள். உப்பு ரொட்டியைப் பிளந்து உள்ளே மீனோ சீஸோ வைத்துத் தருவார்கள். அதே ரொட்டியில் இரண்டு மீன் வடை வைத்தால் ‘பிரெட் அண்ட் டூ’. பறக்கும் மீன் அங்கே தேசிய உணவு. நம் கரையில் பறவைக்கோலா என்போமே, அந்த மீன். வெண்டைக்காயும் சோள மாவும் சேர்த்துக் கிளறிய களியோடு அதைத் தருவார்கள், அந்தக் களிக்குப் பெயர் கூ-கூ.

சைவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. துவரை போட்ட அந்தச் சோற்றில் பல இடங்களில் உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டு சேர்ப்பார்கள். பார்த்தால் தெரியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். ரொட்டிக் கடைகளில் உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலை வைத்துச் சுருட்டிய சப்பாத்தி மாதிரி ரொட்டி கிடைத்தால் அது நமக்குப் பழகிய சுவையிலேயே இருக்கும். உள்ளூர் மிளகாய்ச் சாற்றை மட்டும் முதலில் ஒரு சொட்டோடு நிறுத்துங்கள்.

வெள்ளிக்கிழமை இரவு ஓய்ஸ்டின்ஸ் மீன் சந்தையில் திருவிழாக் கூட்டம். ஒரு முறை போக வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆறு மணிக்கே போய், கடைக்குக் கடை விலை பார்த்து, ஒரு தட்டை இருவராகப் பகிருங்கள். உணவகத்தில் பில் வந்ததும் 10% சேவைக் கட்டணம் ஏற்கெனவே போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். போட்டிருந்தால் மேலே டிப்ஸ் வைக்கத் தேவையில்லை. 17.5% வாட் விலையிலேயே அடங்கியதா என்பதை மெனு பார்க்கும்போதே கேட்டுவிடலாம்.

10. கடலுக்குக் காசு கொடுக்காதீர்கள்

பார்படோஸில் கடற்கரை எல்லாமே பொது. பெரிய ஹோட்டல்களுக்கு நடுவிலும் கடலுக்குப் போகும் சந்து இருக்கும். ‘இது எங்கள் விருந்தினருக்கு’ என்று சொன்னால் அது அவர்கள் போட்ட நாற்காலிக்குத்தான் பொருந்தும், மணலுக்கு இல்லை.

ஆமையோடு நீந்தவும் மூழ்கிய கப்பலைப் பார்க்கவும் பாய்மரப் படகில் கூட்டிப்போகும் சுற்றுலாவுக்கு நிறையக் கேட்கிறார்கள். பிரிட்ஜ்டவுனை ஒட்டிய கார்லைல் வளைகுடாவில் கரையிலிருந்தே நீந்திப் போனால் மூழ்கிய கப்பல்கள் கிடக்கின்றன, ஆமையும் வரும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் இதைச் சொல்கிறேன். தனியாகப் போகாதீர்கள், படகு வரும் பாதையைக் கவனியுங்கள். ஆமையைத் தொடக்கூடாது. நீந்தத் தெரியாதவர்கள் படகுக்கே காசு கொடுக்கலாம், அதை வீண் செலவு என்று சொல்ல மாட்டேன்.

கரையில் பச்சை ஆப்பிள் மாதிரிக் காய் கிடக்கும் மரம் மன்சினீல். காய், பால், இலை எல்லாம் விஷம். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் சொட்டும் நீரே தோலைப் புண்ணாக்கும். பல மரங்களில் சிவப்புப் பட்டை அடித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு முதல் நாளே காட்டிவிடுங்கள்.

11. கார் ஒரே ஒரு நாள்

வாரம் முழுக்கக் கார் எடுப்பது, பஸ் தடத்தில் அறை எடுத்தவர்களுக்குத் தேவையில்லாத செலவு. வடகோடியையும் கிழக்குக் கரையையும் ஒரே நாளில் சுற்ற மட்டும் எடுங்கள். நான்கைந்து பேர் பகிர்ந்தால் கட்டுப்படியாகும். வண்டி இடப்பக்கம் ஓடும், இந்தியாவில் ஓட்டியவர்களுக்குச் சிரமமில்லை. கனடாவில் பழகியவர்கள் முதல் ரவுண்டானாவில் திணறுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கான ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும், வாடகை நிறுவனமே ஏற்பாடு செய்யும். அதற்கான கட்டணத்தையும் சேர்த்து விலை கேளுங்கள்.

வண்டியை வாங்கும்போது நான்கு பக்கமும் கைபேசியில் வீடியோ எடுங்கள், டயர் உட்பட. முதல் பயணத்தில் நான் எடுக்கவில்லை. ஏற்கெனவே இருந்த கீறலுக்கு என்னிடம் காசு வாங்கினார்கள்.

கார் வேண்டாம் என்றால் கிழக்குக் கரையிலுள்ள பாத்ஷீபாவுக்கு பிரிட்ஜ்டவுன் ஃபேர்சைல்டு தெரு நிலையத்திலிருந்து அரசு பஸ் போகிறது. அதே 3.50. இறங்கும்போதே ஓட்டுநரிடம் திரும்பும் வண்டி எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள், அடிக்கடி வராது. அங்கே கடல் அட்லாண்டிக் பக்கம், இழுப்பு பயங்கரம். பாறைக் குளங்களில் காலை நனைப்பதோடு சரி.

12. கிளம்பும் முந்தைய நாள்

பார்படோஸ் டாலரை வெளியூரில் மாற்றுவது கடினம். மிச்சம் இருப்பதை எண்ணிப் பார்த்து, கடைசி நாள் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்குங்கள். மீதிக்கு சூப்பர் மார்க்கெட்டில் மஞ்சள் நிற மிளகாய்ச் சாறும் புளி உருண்டையும் வாங்கலாம். விமான நிலையக் கடையில் அதே பாட்டிலுக்கு விலை கூடுதல். பாட்டிலை மட்டும் கைப்பையில் வைக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.